சிவப்புக் குமிழும் மஞ்சள் குமிழும்

விடுமுறை நாட்களில் எங்கள் வீட்டு வாசலில் இரண்டு வண்டிகள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். ஒன்று அப்பா ஓட்டிய லேண்ட்ரோவர். சீரிஸ் டூ ஏ வகை. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 109 அங்குலம். மற்றது அண்ணன் மகன் கோலாலம்பூரிலிருந்து ஓட்டிவரும் மெர்சிடிஸ் ஈ கிளாஸ். எங்கள் பகாங் மாநிலத்திலேயே, பெக்கானில் பொருத்தப்பட்ட கார். பழையதன் எஞ்சின் 2,286 சிசி. எழுபது சொச்சம் குதிரைத்திறன். புதியதன் எஞ்சின் அதைவிடச் சிறியது, 1,991 சிசி. ஆனால் 184 குதிரைத்திறன் தருகிறது. பழையதில் நான்கு கியர். புதியதில் ஒன்பது, அதுவும் தானாகவே மாறிக்கொள்ளும். இரண்டிலும் உட்கார்ந்து இதே மலையில் ஏறி இறங்கியிருக்கிறேன் என்பதால் இரண்டைப் பற்றியும் சொல்ல எனக்குக் கொஞ்சம் உண்டு.

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறினால் ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங், கீ ஃபார்ம் எல்லாம் தாண்டித்தான் எங்கள் திரிங்காப் வரும். அதற்கும் மேலே போனால் கோலா தெர்லா, கம்போங் ராஜா, புளூ வேலி. ஜே. ஏ. ரஸ்ஸல் 1929இல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய காலத்திலிருந்து இந்த மலைக்குத் தமிழர்கள் வந்தது கொழுந்து பறிக்கத்தான். எங்கள் தாத்தாவும் தேயிலைக்கு வந்தவர். அப்பா தேயிலையை விட்டுக் காய்கறிக்கு வந்தார். திரிங்காப்பில் ஒரு சீனத் தவுக்கேயின் முட்டைக்கோஸ் தோட்டத்தில் டிரைவர் வேலை. தோட்டத்து லயத்திலிருந்து வெளியேற எங்கள் குடும்பத்துக்குக் கிடைத்த வழி அந்த ஸ்டீயரிங்தான். அதனால் லேண்ட்ரோவரைப் பற்றிப் பேசும்போது என் குரல் கொஞ்சம் மாறும்.

அந்த வண்டி பிறந்த கதையை நான் பெரியவனான பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். இங்கிலாந்தில் ரோவர் கம்பெனியின் தலைமைப் பொறியாளர் மாரிஸ் வில்க்ஸ், ஆங்கில்சி தீவில் இருந்த தன் நிலத்தில் போரில் மிஞ்சிய ஒரு அமெரிக்க ஜீப்பை ஓட்டிக்கொண்டிருந்தார். அது தேய்ந்துவிட்டால் அடுத்து என்ன என்ற கேள்வியிலிருந்து வந்தது லேண்ட்ரோவர். போருக்குப் பிறகு இரும்புத் தகடு பங்கீட்டில்தான் கிடைத்தது. அதனால் உடம்பை பிர்மபிரைட் என்ற அலுமினியக் கலவையில் செய்தார்கள். பச்சைச் சாயம்கூட இராணுவத்தில் மிஞ்சியது. 1948 ஏப்ரல் 30ஆம் தேதி ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அதை முதன்முதலாகக் காட்டினார்கள். அதே ஆண்டு ஜூன் மாதம் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அடுத்த பன்னிரண்டு ஆண்டுகள் பிரிட்டிஷ் இராணுவமும் போலீசும் நம் காட்டுப் பாதைகளில் லேண்ட்ரோவரில் சுற்றின. இராணுவம் கழித்துப்போட்ட வண்டிகளை ஏலத்தில் எடுத்து மலைக்குக் கொண்டுவந்தவர்கள் காய்கறிக்காரர்கள். பற்றாக்குறையில் பிறந்து, சண்டைக்குப் போய், கடைசியில் முட்டைக்கோஸ் சுமக்க வந்த வண்டி அது. இங்கே மழை ஓய்வதே இல்லை. இரும்பு உடம்பாக இருந்திருந்தால் எப்போதோ துருப்பிடித்து உதிர்ந்திருக்கும். ஆனால் அடிச்சட்டம் இரும்பு. அதை ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டே காப்பாற்றிவருகிறோம்.

எங்களிடம் உள்ளது தவுக்கேயின் வண்டியாக இருந்ததுதான். அவர் புது டொயோட்டா எடுத்தபோது அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்து அதை வாங்கினார்கள்.

ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் பெரிய கியர்த் தண்டு. அதையொட்டி இரண்டு சின்னத் தண்டுகள், ஒன்றின் தலையில் மஞ்சள் குமிழ், மற்றதில் சிவப்புக் குமிழ். மஞ்சளை அமுக்கினால் முன்சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும். சிவப்பைப் பின்னுக்கு இழுத்தால் எல்லா கியரும் மெதுவாகி, இழுவை கூடும். மனிதன் நடக்கும் வேகத்தில் செங்குத்துச் சரிவில் ஏறலாம். நாங்கள் எழுத்துப் படிப்பதற்கு முன்பே இந்த இரண்டு நிறத்தின் அர்த்தம் தெரிந்து வளர்ந்தோம். கண்ணாடிக்குக் கீழே இரண்டு காற்றுக் கதவுகள் இருக்கும். பிடியைத் தள்ளித் திறந்தால் மலைக்காற்று நேராக முகத்தில் அடிக்கும். அதைத் திறக்கும் உரிமைக்காக அண்ணனும் நானும் சண்டை போட்டிருக்கிறோம்.

ஓட்டுவதற்குக் கஷ்டமான வண்டி. பவர் ஸ்டீயரிங் கிடையாது. நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். ஆற்றில் இறங்கி ஏறினால் டிரம்முக்குள் தண்ணீர் போய்விடும், நாலைந்து முறை மிதித்து உலர்த்தினால்தான் பிடிக்கும். இரண்டாம் கியருக்கு இறங்கும்போது பல்சக்கரங்களை ஒரே வேகத்துக்குக் கொண்டுவர உள்ளே எந்த ஏற்பாடும் இல்லை. அந்த வேலையை ஓட்டுபவர் காலால் செய்ய வேண்டும். கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு எடு, கிளட்சை விடு, எஞ்சினைக் கொஞ்சம் முறுக்கு, மறுபடி மிதித்து கியரைப் போடு. தவறினால் வண்டி கத்தும், பக்கத்துத் தோட்டம் வரை கேட்கும்.

இந்த இரட்டைக் கிளட்சைப் பற்றிப் பெரியப்பாவுக்கு ஒரு பெருமை உண்டு. அவர் இளமையில் கொஞ்ச காலம் ஷா ஆலாம் பக்கம் வேலை பார்த்தவர். 1968இல் திறந்த பத்து தீகா பந்தயத் திடலில் ஃபார்முலா கார்கள் ஓடுவதை வேலிக்கு வெளியே நின்று பார்த்தவர். சோனி ராஜா என்ற மலேசிய ஓட்டுநரின் பெயரை அவர் சொன்னால், வீட்டில் ஒரு உறவுக்காரரைப் பற்றிப் பேசுவதைப்போல இருக்கும். "அந்தக் கார்ல சீட்டுன்னு ஒண்ணு பேருக்குத்தான் இருக்கும். படுத்துக்கிட்டுதான் ஓட்டணும். மழை பெஞ்சா மூஞ்சிலதான் பெய்யும். நம்ம வண்டியும் அப்படித்தானேடா? வளைவுக்கு முன்னால கியரை இறக்கும்போது அவன் கால் என்ன செய்யுதோ, அதையேதான் உங்கப்பா கால் செய்யுது" என்பார். வேகத்தில் மணிக்கு இருநூறு கிலோமீட்டர் வித்தியாசம் இருக்கலாம். ஆனால் அவர் சொன்னதில் உண்மை இருந்தது. பழைய பந்தயக் காரும் பழைய லேண்ட்ரோவரும் ஓட்டுபவருக்கும் சாலைக்கும் நடுவில் எதையும் வைக்கவில்லை. டயர் வழுக்கத் தொடங்குவதை முதலில் உணர்வது முதுகெலும்பு.

பந்தயக் கார் பிறகு மாறியது. 1989இல் ஃபெராரி 640 என்ற காரில் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இரண்டு இதழ்களை வைத்தார்கள். விரலால் தட்டினால் கியர் மாறும், கிளட்ச் மிதிக்க வேண்டாம். அந்தக் கார் பிரேசிலில் ஓடிய முதல் பந்தயத்திலேயே நைஜல் மான்செல் ஜெயித்தார். 2005இல் கோயம்புத்தூர்க்காரர் நரேன் கார்த்திகேயன் ஜோர்டான் அணியின் காரில் செப்பாங் பந்தயத் திடலில் ஓடியபோது, அண்ணன் மகன் தன் நண்பர்களோடு போய்த் தொண்டை கட்டும் வரை கத்திவிட்டு வந்தான். அன்று நரேனின் விரல்கள் தொட்ட அதே மாதிரி இதழ்கள் இன்று அவனுடைய மெர்சிடிஸிலும் இருக்கின்றன. அவன் அவற்றைத் தொட்டு நான் பார்த்ததில்லை. தொட வேண்டிய தேவையும் இல்லை. எந்த கியர் வேண்டும் என்பதைக் கார் அவனைவிடச் சீக்கிரம் முடிவுசெய்துவிடுகிறது.

அப்பாவின் வண்டியைப் பற்றி நான் மறக்கவே முடியாத ஒரு நாள் உண்டு. சீனப் பெருநாளுக்கு முந்தைய வாரம். கோஸுக்கு நல்ல விலை. கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போகும் லோரிகள் கீழே காத்திருந்தன. தாங்கக்கூடியதைவிட அதிகமாகக் கூடைகளை ஏற்றச் சொல்லி அவசரப்படுத்தினார்கள், ஏற்றினோம். தோட்டத்துப் பாதையில் ஒரு மேட்டில் வண்டியை நிறுத்தி மறுபடி எடுத்தபோது, பின்னால் துப்பாக்கி வெடித்ததுபோல் ஒரு சத்தம். எஞ்சின் உறுமுகிறது, சக்கரம் இழுக்கவில்லை, வண்டி பின்னால் உருளுகிறது. அப்பா கைப்பிரேக்கை இழுத்தார். பிடிக்கவில்லை. கால் பிரேக்கை அழுத்தி மிதித்துக்கொண்டே, "கல்லு! சக்கரத்துக்குக் கல்லு!" என்று கத்தினார். அண்ணன் குதித்து ஒரு பெரிய கல்லை உருட்டிவைத்தார்.

கைப்பிரேக் ஏன் பிடிக்கவில்லை என்று அப்பா அங்கேயே, வியர்வையைத் துடைத்துக்கொண்டே எங்களுக்கு விளக்கினார். இந்த வண்டியில் கைப்பிரேக் சக்கரத்தைப் பிடிப்பதில்லை. கியர்ப்பெட்டியிலிருந்து பின்னால் போகும் தண்டைத்தான் பிடிக்கும். பின் அச்சுக்குள் இருக்கும் ஆக்ஸில் தண்டு உடைந்துபோனால் அந்தப் பிடி சக்கரத்துக்குப் போய்ச் சேராது. இதைச் சொல்லிவிட்டு மஞ்சள் குமிழை அமுக்கினார். முன் அச்சும் சேர்ந்துகொண்டது. இப்போது கைப்பிரேக் பிடித்தது. பாதிக் கூடைகளை இறக்கினோம். ஸ்பேனரை எடுத்து, பின்சக்கரத்தின் நடுவில் உள்ள ஆறு போல்ட்டுகளைக் கழற்றி, வண்டியை ஜாக்கியில் தூக்காமலே உடைந்த தண்டை வெளியே உருவினார். துவாரத்தைத் துணியால் அடைத்தார். முன்சக்கர இழுவையை மட்டும் நம்பி மெதுவாக இறங்கி லோரியைப் பிடித்தோம். அன்று தவுக்கே உடைந்த தண்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, அப்பாவின் தோளைத் தட்டினார். தோட்டத்தில் கங்காணிக்குக் கீழே நின்ற காலத்தில் அப்பாவுக்குக் கிடைக்காத மரியாதை அது. அந்த வண்டியின் உள்ளே என்ன எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்ததால் கிடைத்தது.

இந்த அறிவு அப்பாவிடம் மட்டும் இருந்ததல்ல. திரிங்காப்பிலும் கோலா தெர்லாவிலும் இருந்த வொர்க்‌ஷாப்களில் தமிழ்ப் பையன்கள், சீனப் பையன்கள், ஓராங் அஸ்லிப் பையன்கள் சேர்ந்து தொழில் கற்றார்கள். கையேடு கிடையாது. ஒரு வண்டியின் கதவு இன்னொரு வண்டிக்குப் போகும். நிசான் எஞ்சினையும் டொயோட்டா எஞ்சினையும் லேண்ட்ரோவர் சட்டத்தில் உட்காரவைப்பார்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவர் கியர்ப்பெட்டியைப் பிரித்து, பாகங்களைச் சாக்கின்மேல் வரிசையாக அடுக்கி, இருட்டுவதற்குள் மறுபடி பூட்டிவிடுவார். ஒட்டுக்கடையில் தே தாரிக்கை வைத்துக்கொண்டு அவர்கள் பேசியதெல்லாம் ஒரு பாலிடெக்னிக் வகுப்புக்குக் குறைந்ததில்லை என்று இப்போது நினைக்கிறேன். நம் மக்களுக்கு நிலமில்லை, பட்டமில்லை. ஒரு இயந்திரத்தை முழுதாக அறிந்திருந்தோம் என்பது பெரிய சொத்து. பழைய வண்டியின் அருமை என்று நான் எதையாவது சொல்வதானால் இதைத்தான் சொல்வேன்.

ஆனால் இதை அம்மாவிடம் சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டார். அவர் பக்கத்து நியாயத்தையும் எழுதியாக வேண்டும்.

ஆண்கள் முன்னால் உட்கார, பெண்களும் பிள்ளைகளும் பின்னால் கூடைகளோடு உட்கார்ந்து போன வண்டி அது. இலைப்பட்டை ஸ்பிரிங், சுமை இல்லாமல் ஓடினால் ஒவ்வொரு குழியும் இடுப்பில் இறங்கும். தார்ப்பாய்க்குள் மழை வரும், புகை வரும். பிரசவ வலி கண்ட பெண்களை மெத்தையைப் போட்டுப் படுக்கவைத்துத் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள். என் தங்கச்சியும் அப்படிப் போன ஒரு பயணத்தின் முடிவில் பிறந்தவள்தான். "உங்கப்பா அந்த வண்டிய கும்பிடட்டும். எனக்கு அது எலும்ப எண்ணிக் காட்டின வண்டி" என்று அம்மா சொல்வார். பெல்ட் இல்லை. ஸ்டீயரிங் தண்டு ஓட்டுபவரின் நெஞ்சைக் குறிபார்த்தபடி நிற்கும். தாப்பா சாலையின் வளைவுகளில் எத்தனையோ குடும்பங்கள் ஆட்களை இழந்திருக்கின்றன. அந்தக் காலம்போல் வருமா என்று பேசுகிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள்; எனக்கு அது கோபத்தைத் தரும்.

அம்மாவுக்கு இடுப்பு எலும்பில் கோளாறு வந்த பிறகு, ஈப்போவுக்குப் போய்வர அண்ணன் மகனின் கார்தான். 2000களின் தொடக்கத்தில் சிம்பாங் பூலாய் சாலை திறந்ததிலிருந்து ஈப்போவுக்குப் போக தாப்பாவைச் சுற்ற வேண்டியதில்லை. கம்போங் ராஜாவிலிருந்து நேராக இறங்கிவிடலாம். ஆனால் நீண்ட இறக்கம். மாலையானால் மூடுபனி, மழை வந்தால் மலைச்சரிவிலிருந்து மண். அப்படி ஒரு மாலையில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு இறங்கினோம். மழை கண்ணாடியை மூடியது. ஒரு வளைவில் சாலையின் குறுக்கே சேறு வழிந்து கிடந்தது. காரின் பின்பக்கம் விலகத் தொடங்கியதை நான் உணர்ந்தேன். உணர்ந்து முடிப்பதற்குள் அது நேராகிவிட்டது. டாஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு இரண்டு மூன்று முறை மின்னி அணைந்தது. பின்சீட்டில் அம்மா தூங்கிக்கொண்டிருந்தார்.

அந்த மஞ்சள் விளக்குக்குப் பின்னால் இருப்பதைப் பிறகு தேடிப் படித்தேன். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் பிரேக்கை 1978இலேயே பாஷ் கம்பெனியோடு சேர்ந்து மெர்சிடிஸ் தன் எஸ் கிளாஸில் வைத்துவிட்டது. 1995இல் ஈஎஸ்பி வந்தது. ஸ்டீயரிங் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, கார் உண்மையில் எந்தப் பக்கம் போகிறது என்ற இரண்டையும் அது ஓயாமல் ஒப்பிட்டுப் பார்க்கும். வித்தியாசம் வந்தால் ஒரே ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போட்டுக் காரை இழுத்துத் திருத்தும். நான்கு சக்கரத்தையும் தனித்தனியாகப் பிடிக்க மனிதனுக்கு நான்கு பிரேக் மிதிகள் இல்லை. அப்பா எவ்வளவு பெரிய ஓட்டுநராக இருந்தாலும் அந்தச் சேற்றில் அவரால் அதைச் செய்திருக்க முடியாது. மோதினால் காரின் முன்பகுதி நசுங்கி உள்ளே இருப்பவரைக் காக்க வேண்டும் என்ற எண்ணத்துக்கு மெர்சிடிஸின் பேலா பரேனி 1951இலேயே காப்புரிமை கோரினார். எங்கள் லேண்ட்ரோவர் நசுங்காது. அதன் உறுதியைப் பெருமையாகப் பேசுவோம். நசுங்காத வண்டியில் அடி முழுவதும் மனிதன்மேல் விழும்.

பத்திரம், சொகுசு இரண்டிலும் புதிய கார் வெகுதூரம் முன்னால் நிற்கிறது. அம்மா போன்றவர்களுக்கு இந்தச் சொகுசு ஆடம்பரம் அல்ல. வெகுகாலம் தராமல் வைத்திருந்த கடன்.

என்றாலும், மறுநாள் காலை அண்ணன் மகன் மேட்டுத் தோட்டத்தைப் பார்க்க வேண்டும் என்றான். காரைச் சடக்கோரம் விட்டுவிட்டு லேண்ட்ரோவரில்தான் ஏறினோம். இரண்டு வண்டிகளிலும் அச்சுகளின் இடைவெளியில் ஏழு அங்குலம்கூட வித்தியாசம் இல்லை. ஆனால் காரின் அடிவயிறு தரையோடு ஒட்டி நிற்கிறது. சிவப்புக் குமிழை இழுத்து ஏறும்போது அவன் மேற்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, "சித்தப்பா, இது எப்படி ஏறுது?" என்று சின்னப் பிள்ளையாகக் கேட்டான். தண்டுகளைக் காட்டிச் சொன்னேன். உடனே புரிந்துகொண்டான், ஏனென்றால் எல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது. பிறகு இறங்கிவந்து அவன் காரின் பானெட்டைத் திறந்து, "இது எப்படி ஓடுது?" என்று நான் கேட்டேன். கறுப்பு மூடி ஒன்றுதான் தெரிந்தது. "அது நமக்குத் தெரியாது சித்தப்பா. சர்வீஸ்ல கம்ப்யூட்டரை மாட்டிப் பார்ப்பாங்க" என்றான். அவன் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவன். அவன் தாத்தா ஐந்தாம் வகுப்பு.

எனக்கு அது வருத்தமாக இருந்தது. கார் சிக்கலாக இருப்பது குற்றமில்லை. நான்கு சக்கரத்தையும் தனித்தனியாகக் கவனிக்கிற இயந்திரம் சிக்கலாகத்தான் இருக்கும். ஆனால் அதைத் திறந்து பார்க்கிற கருவியும் தகவலும் மலைக்கு ஏறிவருவதில்லை. திரிங்காப் வொர்க்‌ஷாப்பில் இப்போது ஒரு பையன் சீனாவில் செய்த ஸ்கேனர் ஒன்றை வாங்கி வைத்திருக்கிறான். ஜப்பான் பிக்கப்களின் கோளாறு எண்களைப் படித்து, தானே இணையத்தில் தேடி, தானே சரிசெய்கிறான். அதே கையால் எங்கள் வண்டிக்கு ஆக்ஸில் தண்டும் மாற்றுகிறான். அவனுக்கு முறையான பயிற்சியும் தகவலும் கொடுத்தால் ஈ கிளாஸையும் பிரித்துப் பூட்டுவான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அப்பா தலைமுறையின் திறமை அப்படியே இருக்கிறது. அதற்குக் கதவைத் திறந்துவிடுவார் யாருமில்லை.

இப்போது வீட்டில் ஒரு பேச்சு நடக்கிறது. பழைய லேண்ட்ரோவர்களைத் தேடிச் சேகரிப்பாளர்கள் மலைக்கு வருகிறார்கள். இங்கிலாந்தின் சொலிஹல் தொழிற்சாலை 2016 ஜனவரியில், பழைய லேண்ட்ரோவரின் வழிவந்த டிஃபெண்டர் வகையின் கடைசி வண்டியைச் செய்து முடித்ததிலிருந்து பழைய வண்டிகளுக்கு மதிப்புக் கூடிவிட்டது. ஒருவர் வந்து எங்கள் வண்டிக்கு நல்ல விலை சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். சாயம் அடித்து, புது சீட் போட்டு, கண்ணாடிக் கூடத்தில் நிறுத்துவாராம். அண்ணன் மகனுக்கு அதில் சம்மதம். வண்டி பத்திரமாக இருக்கும் என்கிறான். பெரியப்பா பார்த்த பந்தயக் கார்கள் காட்சிக் கூடத்துக்குப் போனால் அது நியாயம். அவற்றின் பந்தயம் முடிந்துவிட்டது. எங்கள் வண்டி போன வாரம்கூட மேட்டிலிருந்து தக்காளி இறக்கியிருக்கிறது. விற்பதானால் சரிவில் தோட்டம் வைத்திருக்கும் யாருக்காவது விற்கலாம், விலை குறைந்தாலும் பரவாயில்லை என்று அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன். அவர் இன்னும் பதில் சொல்லவில்லை. எதுவானாலும் பின்பக்கக் குறுக்குச் சட்டம் துருவேறிவிட்டது. அக்டோபர் மழைக்கு முன் வெட்டியெடுத்துப் புது இரும்பு வைக்க வேண்டும். வொர்க்‌ஷாப் பையனிடம் செவ்வாய்க்கிழமை வண்டியை விடுவதாகச் சொல்லிவிட்டேன்.